பெயர்ந்தோரும் அவர்தம் தெய்வமும்

சேலத்தின் வடபால் உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. ஏர்க்காட்டிற்கு அப்பால், 5,300 அடிக்கு மேற்பட்ட அதன் கொடுமுடியில் ஒரு குகைக்கோயில் உள்ளது. வாயில் தாழ்ந்தது, குனிந்தே உட்புகல் வேண்டும். உள்ளே எழுந்தருளியிருப்போர் சேர்வராயனும் காவேரியம்மையும் ஆவர். அக்குகை காவிரியாறு வரையிற் செல்வதென்பது மலைமக்கள் நம்பிக்கை. ஆண்டுதோறும் மே மாதத்து விழாவிற்கு மலையூர்கள் பலவும் ஆங்குத் திரளும்.

அம்மலைவாழ்நர் மலையாளிகள் எனப்படுவர், சேரநாட்டாரென மயங்கற்க. தம் முன்னோர் காஞ்சியினின்றும் பெயர்ந்த வேளாளரென்றும், உடன்பிறந்தார் மூவருள் மூத்தோன் வழியினர் தாமென்றும், கரிராமன் என்னுந் தம் தெய்வமும் முன்னோருடன் வந்ததென்றும் அவர் கூறுவர். இது செவிவழிச் செய்தியேயன்றிக் கல்வெட்டாற் றுணியப்பட்டதன்று. அவர் திருமாலையே மிக வழிபடுவர். அதுபற்றி யாம் ஈண்டு வழக்காட வந்திலேம். வேற்றிடம் பெயர்வோர் எதனை முதற்கண் உடன்கொள்வர் என்னும் வினாவிற்கு அவ்வழக்கில் விடையுளதென்பதே யாம் கருதுவது. அவர் தெய்வத்தோடு வந்தனர். ஆடலும் பாடலும் விழாவும் அத்தெய்வத்தைச் சூழ வளர்ந்தன.

அண்மைக் காலத்தில் நம்மவர் பெயர்ந்து சென்ற நாடுகளுள் மிகச் சேய்மையது அமெரிக்கா. ஆங்கு இம்முறை தலைகீழாயிற்று. முதலிற் சென்றது நூல். அடுத்துச் சென்றது கலை. குடியேறினோர் கோயிலெடுத்தது அவற்றிற்குப் பின்னரே.

கீழைநாட்டுக் கல்வியை ஆராய்தற்பொருட்டு அந்நாட்டறிஞர் 1842-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கீழைக்கலைக் கழகத்தை நிறுவினர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்லூரியில் தலைமை பூண்டிருந்த ஆய்சிங்டன் என்னும் பாதிரியார், சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்னும் மூன்றனையும் ஆங்கிலத்திற் பெயர்த்தனர். அவை 1854-இல் அக்கழகத்தின் வெளியீட்டில் வந்தன. சைவத்தைக் களைய வந்தவர் கையாலேயே மெய்கண்டார் நூல் கடல் கடந்தமை நினைந்து மகிழ்தற்குரியது. நம் நல்லசாமிப் பிள்ளையவர்களின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1895-இலேயாம்.

இனி ஆடற்கலை. பெண்டிரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தால் ஒழிந்தது. அம்மகளிர் பட்ட துயரை அறிந்தார் அச்சட்டத்தைக் குறைகூறார். ஆயினும், திருமுன்னர் நிகழ்ந்த ஆடல் அதனோடு திருமுன்னை இழந்தது. அம்மரபின் வழித்தோன்றலாகிய தஞ்சைப் பாலசரசுவதி 1962-இல் அமெரிக்கா சென்று ஆடினார். மறு ஆண்டு சாமுவேல் இசுகிரிப்சு என்பார் கீழைநாட்டுக் கலைகட்கென ஆங்கு ஒரு சங்கம் நிறுவினார். பாலசரசுவதியும் அதன்வழி ஆடல் பயிற்றினார். அவர்தம் உடன்பிறந்தார் விசுவநாதனும் இரங்கநாதனும் வெசிலியன் பல்கலைக்கழகத்தில் நம் இசையைப் பயிற்றினர். இங்குக் கோயிலை இழந்த கலை அங்குப் பள்ளியிற் புகுந்தது.

1965-இல் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் நெகிழ்ந்த பின்னரே நம்மவர் பெருக்கமாய்ச் சென்றனர். நியூயார்க்கைச் சார்ந்த பிளஷிங்கில் அழகப்பா அழகப்பன் முதலியோர் 1970-இல் ஒரு கோயிற்சங்கம் கண்டு, கிறித்தவக் கோயிலாயிருந்த இடத்தை வாங்கி, 1977-இல் விநாயகப்பெருமானுக்குக் குடமுழுக்காற்றினர். அக்கோயிலின் உணவுச்சாலைத் தோசை நகரெங்கும் பெயர்பெற்றது. அதன்பொருட்டே வருவாரும் உளர். வரட்டும்; வந்தார் ஒருநாள் சந்நிதியையும் காண்பர்.

எம் கவலை வேறு. எடுத்த திருவடி அருளலைக் குறிப்பதும், ஊன்றிய திருவடி மறைத்தலைக் குறிப்பதும் அறியாமலே ஒரு சிறுமி கூத்தப்பிரான் கோலத்தை அபிநயிக்கப் பயிலலாம். அவையோர் கைகொட்டுவர். ஐந்தொழிலைச் சொல்லித்தருவார் யார்? இக்குறை அமெரிக்காவிற்கே உரியதன்று. சென்னைச் சபைகளிலும் உண்டு.

மேற்கூறிய வரிசைக்குப் புறனடையாய் ஒருவர் உளர். சான்பிரான்சிஸ்கோவில் மேனாட்டு ஆடல் ஆடிவந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் 1947-இல் இலங்கை சென்றார். 1949-இல் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளை அடைந்து, அவரருள் பெற்றுச் சுப்பிரமுனியர் ஆயினார். 1957-இல் தம்மூரிற் பழனிச்சாமிக்குக் கோயில் கண்டார். 1970-இல் அவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய காவாயில் திருமடம் நிறுவினார். ஆடல் வழியே புறப்பட்டு ஆடவல்லான் அடியை அடைந்தவர் என அவரைச் சொல்லலாம். 2001-இல் அவர் மறைந்தார்.

அவர் கொள்கை நமக்கு முழுதும் உடன்பாடன்று. உயிர் சிவத்தினின்றுந் தோன்றி முடிவில் அதனோடு ஒன்றேயாம் என்பது அவர் கூற்று. திருமூலரையே அதற்குச் சான்றாக்குவர். பதியைப் போற் பசு பாசமும் அநாதி என்பதும், வீட்டிலும் உயிர் கெடாது அடங்கி நிற்குமென்பதும் மெய்கண்டார் வழியிற் பாடங்கேட்ட நம் துணிபு. இவ்வேறுபாட்டை ஆங்கிலத்தில் அவர்கள் மாட்டே எடுத்துரைத்து வாதிட வல்ல மாணவரை நம் மடங்கள் ஆக்குதல் வேண்டும். தமிழில் நமக்குள் எழுதி வைத்தல் போதாது.

அவர்களோ வாளாவிருந்திலர். பெங்களூர் அருகே சிற்பிகளைக் குடியிருத்தி, 1990 தொட்டுக் கருங்கல்லைக் கையுளியாற் செதுக்குவித்து, கப்பலேற்றி, பளிங்கு இலிங்கம் நிறுவிய இறைவன் கோயிலுக்கு 2023 மார்ச்சுத் திங்களிற் குடமுழுக்கு நிகழ்த்தினர். கணபதி தபதியார் அமைத்த அக்கோயில் தமிழகத்துக் கற்றளி போன்றே பசிபிக் கடல்நடுவண் நிற்கின்றது. தமிழ் வழிவந்த அடியாரும் அமெரிக்க நாட்டிற் பிறந்த துறவியரும் அதன்கண் ஒருங்கு நின்று தொழுகின்றனர்.