கடைக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண்

பழைய கடை ரசீதுகளையோ கல்யாணப் பத்திரிகைகளையோ பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று இரண்டெழுத்து இருக்கும். அந்த எண் இவருடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது; கூப்பிட்டால் ஆளனுப்பிக் கூட்டி வருவார்கள் என்று அர்த்தம். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ‘பார் ப்ரொகுராசியோன்’ என்பதுதான் நினைவுக்கு வரும். இன்னொருவர் சார்பாக என்று பொருள். ஏறக்குறையப் பொருந்தத்தான் செய்கிறது.

வியாபாரத்துக்கென்றே வந்திருக்கும் தொலைபேசிச் செயலிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் இந்த பி.பி.தான் ஞாபகம் வருகிறது. அன்றைக்குப் பத்துப் பேருக்கு ஒரு எண். இன்றைக்கு ஒரே ஆளுக்கு இரண்டு எண் வேண்டியிருக்கிறது. ஏன் வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் பனவடலிசத்திரம் திருநெல்வேலி–சங்கரன்கோவில் சாலையில் இருக்கிறது. (என் மனைவியின் ஊர். ஓய்வு பெற்றபின் எனக்கும் இதுதான் ஊர்.) இந்தப் பக்கம் வியாபாரம் என்றால் விலை தெரிவதுதான் வியாபாரம். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் காலையில் இருக்கும் மல்லிகை விலை மதியம் இருக்காது. புளியங்குடி எலுமிச்சையும் அப்படித்தான். அந்த விலையை வெளியூருக்குச் சொல்ல டிரங்க் கால் போட வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அர்ஜென்டுக்கு இரண்டு மடங்குக் கட்டணம், லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி 1960இலேயே வந்துவிட்டது. கிராமத்துக்கு அது வர, 1984இல் தொடங்கிய சி-டாட் அமைப்பு 128 இணைப்புகள் கொண்ட சின்ன எக்ஸ்சேஞ்சைச் செய்ய வேண்டியிருந்தது. வெயிலும் தூசியும் தாங்கும், குளிர்சாதன அறை வேண்டாம். 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதல் பெட்டியை வைத்தார்கள். அதற்கப்புறம் எஸ்.டி.டி. பூத்தும் மஞ்சள் பலகையும் வந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய அலுவலகங்களில் வேறு ஏற்பாடு. வெளியே தெரிவது ஒரே எண். உள்ளே சுவிட்ச்போர்டின் முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். அவர்தான் எந்த மேசைக்கு இணைப்பது என்று தீர்மானிப்பார். குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எனக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் எண் உண்டு. அதன் அருமை அப்போது தெரியவில்லை. மாலை அலுவலகத்தைப் பூட்டியபிறகு அந்த எண் காலி அறையில் எவ்வளவு நேரம் அடித்தாலும் என் வீட்டில் கேட்காது. பொதுமக்களுக்கு வேண்டியது அந்த மேசைதான், நான் இல்லை.

அந்தச் சுவரை உடைத்தது செல்போன். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமோடு பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு. 2003இல் அது இலவசமான பிறகு கடைப் பையன்கள் கையிலும் போன் வந்தது. வாடிக்கையாளர் கடையை விட்டுவிட்டுப் பையனையே கூப்பிட ஆரம்பித்தார். பையன் எதிர்த்தெருவில் தனிக்கடை போட்டால் வாடிக்கையாளரும் அவன் பின்னால் போனார்கள். முதலாளிமார் இதைத்தான் பெரிய நஷ்டமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ இன்னொரு நஷ்டம்தான் பெரிதாகப் படுகிறது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். ‘புதுச் சேலை வந்தால் போட்டோ அனுப்புங்கள்’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் தன் எண்ணைக் கொடுக்கும்படி கடையில் சொன்னார்கள். சேலை கேட்காதவர்களும் இரவு பதினோரு மணிக்கு அழைத்தார்கள். அவள் எண்ணை மாற்ற வேண்டியதாயிற்று. பள்ளித் தோழிகள் பலருடைய தொடர்பும் அதோடு விட்டுப் போயிற்று.

வணிகத் தொலைபேசிச் செயலி செய்யும் வேலை இதுதான்: சுவிட்ச்போர்டு அம்மாவைக் கைப்பேசிக்குள் உட்கார வைப்பது. கடைக்கு ஒரு எண். அதற்கு வரும் அழைப்பு யார் ஓய்வாக இருக்கிறாரோ அவருடைய கைப்பேசியில் அடிக்கும். அவர் திருப்பிப் பேசினாலும் மறுமுனையில் கடை எண்தான் தெரியும். வேலை நேரம் முடிந்தால் அடிக்காது. ஆள் வேலையை விட்டுப் போனால் எண்ணும் உரையாடலும் கடையிலேயே தங்கும்.

இந்த மாதிரி மென்பொருள் செய்கிறவர்கள் எங்கோ அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலேயே ஸோஹோ நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிய நிறுவனம். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ‘ஸோஹோ டெஸ்க்’ தென்காசிப் பக்கத்தில் உருவானதுதான். வணிகத் தொலைபேசிக்கு ‘ஸோஹோ வாய்ஸ்’, அலுவலகத்துக்குள் செய்தி அனுப்ப ‘கிளிக்’ என்றும் வைத்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கான ‘அரட்டை’ 2021 ஜனவரியில் வந்தது. 2025 செப்டம்பரில் மூன்றே நாளில் அதில் சேர்பவர்கள் தினம் 3,000 பேரிலிருந்து 3,50,000 பேராகிவிட்டார்கள் என்று வேம்புவே அறிவித்தார். பிரெஞ்சில் இதை ‘பவர்தாஜ்’ என்போம். அரட்டை என்ற சொல்லில் இருக்கும் திண்ணை வாசனை அதில் வராது.

செயலி செய்வது சுலபமா என்று இந்தத் துறையில் இருக்கும் உறவுக்காரப் பையனிடம் கேட்டேன். திரையில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் வரைவது ஒன்றுமே இல்லையாம். மணி அடிக்க வைப்பதுதான் கஷ்டமாம்! பேட்டரி தீராமல் இருக்க, கைப்பேசி தனக்குள் இருக்கும் செயலிகளைத் தூங்க வைத்துவிடுகிறது. அழைப்பு வந்தால் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். எழுப்பும் வேலையை ஆப்பிளும் கூகுளும் தங்கள் கையில் வைத்திருக்கின்றன. மத்தளம்பாறையில் எழுதினாலும் மாம்பலத்தில் எழுதினாலும் பெரும்பாலும் அந்த இரண்டு வாசலில் ஒன்றைத் தட்டித்தான் மணியடிக்க முடியும். எழுப்பியதும் உடனே மணியடிக்காத செயலியை 2019 முதல் ஆப்பிள் நிறுத்தியே விடுகிறது.

அடுத்தது குரல். பேச்சை நொடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி அனுப்புகிறார்கள். ஒன்றிரண்டு வழியில் தொலையும், சில முந்திப் பிந்தி வரும். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தக் காத்திருந்தால் பேச்சு தாமதமாகும். காத்திராவிட்டால் குரல் உடையும். பேசிக்கொண்டே கடையை விட்டுத் தெருவுக்கு வந்தால் வைஃபை போய் மொபைல் இணையம் வரும். கைப்பேசியின் இணைய முகவரியே மாறிவிடும். பேச்சு அறுபடாமல் அதையும் சமாளிக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நின்றது. இணையம் வழியாக வரும் குரலை உள்நாட்டுச் சாதாரணத் தொலைபேசி எண்ணோடு கோக்க நம் நாட்டில் நெடுங்காலம் அனுமதி இல்லை. 2018இல்தான், உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் மூலமாக, வழி தெளிவாயிற்று. வணிகக் குறுஞ்செய்திக்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. அனுப்புபவரின் பெயரையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தந்தியில் வாழ்த்து அனுப்பியது நினைவிருக்கிறதா? அச்சடித்த வாசகங்களிலிருந்து ஒரு எண்ணைச் சொன்னால் போதும், மறுமுனையில் முழு வாழ்த்தும் போய்ச் சேரும். அதே முறைதான் வேறு உடையில் வந்திருக்கிறது.

இதிலெல்லாம் பிரான்ஸ் முந்திக்கொண்டது என்று பாரீஸில் இருக்கும் என் உறவினர்கள் பெருமை பேசுவார்கள். 1982இல் வந்த ‘மினிடெல்’ என்ற சின்னத் திரையைத் தொலைபேசி இலாகா வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. ரயில் டிக்கெட், கடை ஆர்டர், அரட்டை எல்லாம் அதில் நடந்தன. கட்டணம் தொலைபேசி பில்லோடு சேர்ந்து வரும். 2012 ஜூன் 30 அன்று மூடிவிட்டார்கள். ஒரு நாட்டோடு நின்றுவிட்ட நல்ல ஏற்பாடு.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு உறுத்துகிறது. டிரங்க் கால் ஆபரேட்டர் நம் பேச்சைக் கேட்டிருக்கலாம், ஆனால் அவரிடம் பதிவு இருக்காது. இந்தச் செயலிகளில் முதலாளி விரும்பினால் ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்து வைக்கலாம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது கடைப் பெண்ணின் குரலை எவ்வளவு தூரம் காக்கும் என்பது இனிமேல்தான் தெரியும்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நான்கைந்து பேரிடம் விசாரித்தேன். வணிகச் செயலிக்கு மாதச் சந்தா கட்ட யாரும் தயாராக இல்லை. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸை மூன்று பேர் இலவசமாக வைத்திருக்கிறார்கள். உரக்கடை அண்ணாச்சி மட்டும் வேறு வழி கண்டிருக்கிறார். பழைய கைப்பேசி ஒன்றில் புது சிம் போட்டு, பின்பக்கம் மார்க்கரால் ‘கடை’ என்று எழுதி, இரவு எட்டு மணிக்கு அதைக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.