இலட்ச ரூபாய்ச் சோதனை

நம்புதல் மனிதனுக்கு இயல்பு. ஆராய்தல் அவன் முயன்று பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. அந்தப் பழக்கம் வளர்ந்த வரலாற்றைக் கூறும்போது, பெரும்பாலும் ஐரோப்பியப் பெயர்களே எடுத்துக்காட்டாக வந்து நிற்கின்றன. 1620இல் புதிய ஆராய்ச்சி முறைக்கு நூல் வகுத்த பிரான்சிஸ் பேக்கன், 1654இல் சூதாட்டக் கணக்கொன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டு நிகழ்தகவுக் கணிதத்துக்கு வித்திட்ட பஸ்கால், பேர்மா ஆகியோர் அத்தகையவர். ஆயினும் இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நமது கரையிலேயே, கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் எழுதப்பட்டது. அதை எழுதியவர் பெரும் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். பாடசாலையிலே மாணவருக்குத் தாவரவியல் கற்பித்த ஓர் ஆசிரியர். அவர் பெயர் ஆபிரகாம் கோவூர்.

கோவூர் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆந் திகதி கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்தார். தந்தையார் மார்த்தோமாத் திருச்சபையில் உயர்ந்த நிலையிலிருந்த குருவானவர். மைந்தர் கல்கத்தாவிலே வங்கவாசிக் கல்லூரியிற் பயின்று, கோட்டயத்திற் சிறிது காலம் கற்பித்தபின், 1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர் காலி றிச்மண்ட் கல்லூரியிலும், கல்கிசைப் புனித தோமையர் கல்லூரியிலும், கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலும் பணியாற்றி 1959இல் இளைப்பாறினார். புனித தோமையர் கல்லூரி 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கப்பெற்று, 1918இல் கல்கிசைக் கடற்கரைக்கு இடம் மாறிய பழம்பெருங் கல்லூரி. அங்கிருந்து சிறிது வடக்கே, வெள்ளவத்தையைச் சார்ந்த பாமன்கடையில் கோவூர் குடியிருந்தார். பேய் பிடித்ததென்று அஞ்சியவர்களும், வீட்டின்மேற் கல் விழுகின்றதென்று கலங்கியவர்களும் அவ்வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள், நேரிலும் வந்தார்கள்.

அவருடைய மாணவப் பருவத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கல்கத்தாவிலிருந்து விடுமுறைக்குத் திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி ஊரவர் கேட்டிருந்தனர். இளைஞர் கோவூர் வழியில் ஒரு புகைவண்டி நிலையத்துக் குழாய் நீரைப் போத்தலில் நிரப்பிக்கொண்டுபோய்க் கங்கை நீரென்று கொடுத்தார். சில நாட்களின் பின், அந்நீரினால் நோய்கள் தீர்ந்தனவென்று பலர் மகிழ்ந்து கூறினார்களாம்.

இக்கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. அதனுள்ளே கிடக்கும் கேள்வியோ சிரிப்புக்குரியதன்று. நோய் தீர்ந்தவர்கள் பொய் சொல்லவில்லை. காய்ச்சலும் இருமலும் வயிற்றுநோவும் பெரும்பாலும் சில நாட்களில் தாமே தணிவன. நீரைப் பருகியபின் தணிந்தால், நீரினாலே தணிந்ததென்று மனம் முடிவு செய்துவிடுகிறது. ஒன்றன் பின் ஒன்று நிகழ்ந்தால், முன்னதே பின்னதற்குக் காரணம் எனக் கொள்வது தருக்கத்தின் மிகப் பழைய வழு. நீரைப் பருகாமலே குணமானவர் எத்தனை பேர், பருகியும் குணமாகாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாலன்றி அந்த வழு வெளிப்படாது. அப்படி எண்ணும் வழக்கம் ஊரில் எவருக்கும் இல்லை.

எண்ணப்படாதவர்களைப் பற்றிப் பேக்கனும் தமது நூலில் எடுத்துக் கூறியுள்ளார். கப்பல் உடைந்தபோது நேர்த்தி வைத்துத் தப்பியவர்களின் படங்கள் ஒரு கோவிலில் மாட்டப்பட்டிருந்தன. அவற்றைக் காட்டி, இனியேனும் தெய்வங்களின் ஆற்றலை ஒப்புக்கொள்வாயா என்று ஒருவனைக் கேட்டார்கள். நேர்த்தி வைத்தும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே மாட்டப்பட்டுள்ளன என்று அவன் திருப்பிக் கேட்டானாம். சோதிடம் பலித்த கதை ஊரெங்கும் பரவும். பலிக்காத சோதிடத்தைச் சொல்லித் திரிவார் இல்லை. ஆகவே நம் காதுக்கு வந்து சேரும் கதைகள் முன்பே சலிக்கப்பட்டவை.

இதற்கு மாற்று வழி யாது? நிகழ்ச்சிக்கு முன்பே கூற்றை வரையறுத்து எழுதிவைத்து, அது தவறுமாயின் தவறென்று எல்லாரும் காணும்படி செய்வதே வழி. இவ்வழி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. கோவூர் அங்கு வருவதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்னரே, வட்டுக்கோட்டைச் செமினரியில் அப்படியொரு சோதனை நடைபெற்றது. 1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி சந்திர கிரகணம் நிகழவிருந்தது. அக்கிரகணத்தைக் குறித்து விசுவநாத ஐயரின் பஞ்சாங்கம் ஒரு கணக்குச் சொல்லிற்று. அதிபர் டானியல் பூவர் அவர்களின் செமினரி வேறொரு கணக்குச் சொல்லிற்று. இரண்டும் முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்திருந்தன. அன்றிரவு வானமே நடுவராய் நின்றது. செமினரியின் கணக்கே பொருந்திற்று என்று அத்தரப்பினர் பதிவு செய்தனர்.

இதிலே பஞ்சாங்கக்காரருக்கு இழிவு ஒன்றுமில்லை. கிரகணம் இந்த நாளில் நிகழுமென அவரும் கண்டிருந்தார். வேறுபாடு நேரத்திலும் அளவிலுமே இருந்தது. பிழைபடக்கூடிய கூற்றைத் துணிந்து முன்வைத்தவர் அவர். பிழை தெரிந்தால் திருத்தவும் முடியும். சோதிட நூலின் கணிதப் பகுதி இத்தகையது. பலன் கூறும் பகுதியோ, இன்ன நாளில் இன்னது நடக்குமென்று கட்டுப்படாமல், கண்டம் உண்டு, கவனம் தேவை, பரிகாரம் செய்தால் விலகும் என்று பேசுகிறது. கண்டம் வந்தால் சோதிடம் பலித்தது; வராவிட்டால் பரிகாரம் பலித்தது. எந்தப் பக்கம் விழுந்தாலும் வெல்லும் கூற்று நமக்கு ஒன்றையும் அறிவிப்பதில்லை.

1963இல் கோவூர் விடுத்த சவாலை இந்தப் பின்னணியில் வைத்தே அளக்க வேண்டும். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளின்கீழ், இயற்கையை மீறிய ஆற்றல் ஒன்றைக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அவர் அறிவித்தார். முத்திரையிட்ட உறையினுள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தை வாசித்தல், கேட்ட பொருளை வெறுமையினின்று தோற்றுவித்தல், நீரின்மேல் நடத்தல் எனப் பல செயல்களை அவர் பட்டியலிட்டார். போட்டிக்கு வருவோர் ஆயிரம் ரூபா முற்பணமாகக் கட்டவேண்டும். தோற்றால் அது போய்விடும். வீண் விளம்பரம் தேடுவோரை விலக்கவே இந்த ஏற்பாடு.

அப்பட்டியலின் சொற்களிலேயே ஒரு விஞ்ஞான ஆசிரியரின் கையைக் காணலாம். தணலின்மேல் நடத்தல் என்று அவர் கூறவில்லை. கால் கொப்புளிக்காமல் அரை நிமிடம் அசையாது நிற்றல் என்றார். கதிர்காமத்திலும் நம் அம்மன் கோவில்களிலும் அடியார்கள் தீ மிதிப்பதை எல்லாரும் அறிவர். மரக்கரி வெப்பத்தை மெல்லவே கடத்தும். விரைந்து நடக்கும் பாதம் ஒவ்வோர் அடியிலும் கணநேரமே அதைத் தொடுகிறது. பக்தி அடியாருக்குத் துணிவைத் தருகிறது. பாதத்தைக் காப்பது தணலின் இயல்பு. ஆகவே நடப்பதற்கு இயற்கைக் காரணம் போதும். நிற்பதற்கு அது போதாது. எது எதனை நிரூபிக்கும் என்று பிரித்தறிந்த பின்பே நிபந்தனை எழுதப்பட்டது.

சோதிடருக்கு விடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. பத்துப் பேருடைய பிறந்த நேரத்தையும் இடத்தையும், அல்லது பத்துக் கைரேகைப் பதிவுகளையும் கொடுத்து, இவர்களுள் ஆண் யார், பெண் யார், உயிரோடிருப்பவர் யார், இறந்தவர் யார் என்று கூறும்படி கேட்டார். ஒரு சாதகம் போதாதா, பத்து ஏன் என்று வினவலாம். ஒருவர் ஆணா பெண்ணா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சரியாவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. பத்துப் பேரையும் அவ்வாறு தவறாமற் சொல்வதற்கு 1,024இல் ஒரு வாய்ப்பே உண்டு. உயிர், மரணம் என்பதையும் சேர்த்தால், வெறும் ஊகத்தினால் வெல்லும் வாய்ப்பு 10,48,576இல் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. தற்செயலுக்கு இடம் அடைக்கப்பட்டபின் வெற்றி பெறுபவர் உண்மையிலேயே ஏதோ அறிந்தவராய் இருக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் நன்று. ஆணா பெண்ணா என்பதை மட்டும் ஆயிரம் பேர் நாணயம் சுண்டிச் சொல்வார்களாயின், அவர்களுள் ஒருவர் பத்தையும் சரியாகச் சொல்லிவிடக்கூடும். மற்றவர்கள் மறைந்துபோக, அந்த ஒருவர் மகா சோதிடராகப் புகழ் பெறுவார். பல ஊர்களிலே பல பேர் பல காலமாகக் குறி சொல்லிவரும்போது, வியத்தகு வெற்றிகள் சில தோன்றாதிருந்தாற்றான் வியப்பு.

கோவூர் இறக்கும்வரை அந்த இலட்சம் ரூபாவை ஒருவரும் பெறவில்லை. இதிலிருந்து பெறத்தக்க முடிவு எது என்பதிலும் தெளிவு வேண்டும். கடவுள் இல்லையென்பது இதனால் நிறுவப்பட்டதாகாது. அது இச்சோதனையின் எல்லைக்கு அப்பாற்பட்ட வினா. அற்புத ஆற்றல் உலகில் எங்குமே இல்லையென்பதும் நிறுவப்படவில்லை. அது தம்மிடம் உண்டென்று கூறியோர், வரையறுத்த நிபந்தனையின்கீழ் அதனைக் காட்டவில்லை என்பதே நாம் சொல்லக்கூடியது. கோவூர் தாம் கடவுளை நம்பாதவரென்று வெளிப்படையாகக் கூறினார். அம்முடிவை ஏற்காத சைவரும் பௌத்தரும் கிறித்தவரும் இசுலாமியரும் அவருடைய முறையை ஏற்கலாம். போலியை இனங்காண்பதில் மெய்யடியாருக்கு இழப்பில்லை.

இத்தகைய சவால்கள் பிற நாடுகளிலும் எழுந்தன. 1922இல் அமெரிக்க விஞ்ஞான ஏடொன்று ஆவி ஊடகர்களுக்குப் பரிசு அறிவித்தது. அதன் குழுவில் மாயவித்தைக்காரர் ஹூடினி இடம்பெற்றார். 1964இல் அந்நாட்டு ஜேம்ஸ் ராண்டி ஆயிரம் டொலர் அறிவித்தார். அது பின்னாளிற் பத்து இலட்சம் டொலராக வளர்ந்தது. கோயம்புத்தூரைச் சார்ந்த பிரேமானந்த், கோவூர் காட்டிய வழியைப் பின்பற்றித் தமது சவாலை இந்தியாவெங்கும் கொண்டு சென்றார்.

ஆனால் சவால் விடுத்ததோடு கோவூரின் பணி நின்றுவிடவில்லை. செய்வினை, சூனியம் என்று நடுங்கும் ஒரு குடும்பத்துக்குப் பேய் இல்லையென்று சொன்னால் மட்டும் நடுக்கம் தீர்ந்துவிடாது. கூரைமேற் கல் விழுந்தால் அதை எறிந்த கை ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் தேடினார். அக்கை பலமுறை அவ்வீட்டினுள்ளேயே, சொல்ல முடியாத துயரத்தில் அமிழ்ந்த ஒருவருடையதாய் இருந்தது. அவரைத் தண்டிக்க வேண்டுமென்று கோவூர் கூறவில்லை. பேசச் செய்தார், மனோவசியத்தாற் பயத்தைப் போக்கினார், வீட்டாருக்கு அறிவுரை கூறினார். மாந்திரீகரின் பிரம்படிக்கு ஆளாகியிருக்க வேண்டியவருக்குத் தெளிந்த சிந்தனை கருணையாக வந்து சேர்ந்தது. அவருடைய அனுபவக் குறிப்பொன்றைத் தழுவி 1972இல் ‘புனர்ஜன்மம்’ என்ற மலையாளத் திரைப்படமும் எடுக்கப்பட்டது.

1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆந் திகதி கோவூர் காலமானார். அவர் முன்பே எழுதிவைத்தபடி, கண்கள் கண் வங்கிக்கும், உடல் மருத்துவ மாணவரின் கல்விக்கும் அளிக்கப்பட்டன. தமது எலும்புக்கூடு தேர்ஸ்டன் கல்லூரி விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குச் சேர வேண்டுமென்றும் அவர் விரும்பியிருந்தார். வாழ்வுக்கு மேலிருந்து ஒரு பொருள் அருளப்படும் என்று காத்திராதவர், கையில் இருந்தவற்றைக்கொண்டே அதற்குப் பயன் தேடிக்கொண்டார்.

மேற்கொள்ள விரும்புவார்க்கு அவர் முறை கடினமானதன்று. அற்புதக் கதை ஒன்று காதில் விழும்போது சில கேள்விகள் போதும்: இது முன்கூட்டிச் சொல்லப்பட்டதா? தவறியிருந்தால் எவ்வாறு தெரிந்திருக்கும்? தவறியவை எத்தனை? வெறும் தற்செயலால் இது எத்தனை முறை நிகழும்? இக்கேள்விகளுக்கு இலட்ச ரூபா வேண்டியதில்லை; ஒரு தாளும் பென்சிலும், எண்ணிப் பார்க்கும் பொறுமையும் இருந்தாற் போதும்.