மூச்சுப் பயிற்சியும் ரிலீவரும்: ‘மன அழுத்த மேலாண்மை’யின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம்: மன அழுத்தம். இந்தச் சொல்லைக் காசு வாங்கிக்கொண்டு எழுதியவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வாலாஜாபாத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவ்வப்போது வருகிற வேலை மொழிபெயர்ப்பு. ஒரகடம் பக்கம் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ‘ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்’ வகுப்பு நடத்தப் போகிறார்கள், ஸ்லைடுகளைத் தமிழாக்கித் தா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மொத்தம் 46 ஸ்லைடுகள். ‘ஸ்ட்ரெஸ்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘மன அழுத்தம்’ என்று போட்டேன். ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ‘மனம்’ என்று எதுவும் இல்லை. அதைச் சேர்த்தவன் நான். எனக்கு முன்பே பத்திரிகைகள் சேர்த்துவிட்டன என்பது வெறும் சமாதானம்.

வகுப்புக்கும் போயிருந்தேன். இரண்டாவது ஷிப்ட் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் நாற்காலி. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அழைப்பில்லை, அவர்களுக்கு மனமே இல்லை போலிருக்கிறது. பயிற்சியாளர் நல்ல மனிதர். “கண்ணை மூடிக்கிட்டு உங்களுக்குப் புடிச்ச ஒரு ஆத்தை நெனைச்சுக்குங்க” என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “பாலாத்தை நெனைச்சா மணல் லாரிதான் சார் ஓடுது.” அறையே சிரித்தது, பயிற்சியாளரும் சிரித்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அழுத்தம் நிஜமாகக் குறைந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பையன் ஒருவன் எங்கள் தெருக்காரன். அப்பா நெசவாளி. டீக்கடையில் பார்த்தபோது கேட்டேன், வகுப்பு எப்படி இருந்தது என்று. “மூச்சை இழுத்து விட்டா நல்லாத்தாண்ணா இருக்குது. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா தூக்கம் வருது. அதை நான் ஒண்ணும் கொறை சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணுக்குப் போவணும்னா ரிலீவர் வரணும். நாலு லைனுக்கு ஒருத்தன்தான் ரிலீவர். அவன் வர்றதுக்குள்ள அடிவயிறு கல்லாயிடுது. அதுக்கு உங்க ஸ்லைடுல இன்னா போட்டிருக்குது?”

ரிலீவர் என்றால், லைனில் நிற்பவர் நகர வேண்டியிருந்தால் அவர் இடத்தில் வந்து நிற்கிற ஆள். ‘ஸ்ட்ரெஸ் ரிலீஃப்’ என்பதை ‘அழுத்தத் தணிப்பு’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவன் கேட்டது தணிப்பை அல்ல, ஆளை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே சுருக்கமாகப் பார்க்க முயல்கிறேன்.

2

‘ஸ்ட்ரெஸ்’ முதலில் பொறியாளர்களின் சொல். இரும்பு உத்திரத்தின் மீது எவ்வளவு விசை, அது எப்போது வளையும், எப்போது முறியும் என்ற கணக்கு. அது உயிருள்ள உடம்புக்கு இடம் மாறியதில் ஹான்ஸ் செல்யேவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹங்கேரியில் வளர்ந்து கனடாவின் மான்ட்ரியாலில் ஆய்வு செய்தவர். 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் விட்டாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், நஞ்சு கொடுத்தாலும் உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான்: அட்ரினல் சுரப்பி வீங்குகிறது, தைமஸ் சுருங்குகிறது, இரைப்பையில் புண் வருகிறது. காரணம் எதுவானாலும் எதிர்வினை ஒன்றே. ‘ஸ்ட்ரெஸ்’ என்ற பெயரை அவர் பின்னால்தான் இதற்கு நிலைநிறுத்தினார்.

உடலியலில் இது பெரிய கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் ‘காரணம் எதுவானாலும்’ என்ற பகுதி வேறு வேலை செய்யத் தொடங்குகிறது. காரணம் உதிர்ந்துவிடுகிறது, எலி மட்டும் மிஞ்சுகிறது. இது யாருக்கு வசதி என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் செல்யேவின் ஆய்வுகளுக்குச் சிகரெட் கம்பெனிகள் பணம் கொடுத்தன. மாரடைப்புக்குப் புகையைவிட ‘ஸ்ட்ரெஸ்’தான் காரணம் என்று காட்ட முடிந்தால் அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அதே 1936இல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. சிகாகோவை ஒட்டிய ஹாதார்னில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலை. 1924 முதல் 1932 வரை அங்கே நடந்த பரிசோதனைகளும், எல்டன் மேயோ அவற்றுக்குத் தந்த விளக்கமும் மேலாண்மைப் பாடநூல்களில் தவறாமல் வரும். 1928க்கும் 1930க்கும் இடையே 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். பேசவிட்டால் மனசு லேசாகிறது, பேசியவர் எதைப் பற்றிக் குறை சொன்னாரோ அது மாறாமலே லேசாகிறது என்று கண்டுகொண்டார்கள். 1936இல் இதை நிரந்தர ஏற்பாடாக்கினார்கள். ஆலைக்குள் ஆலோசகர்கள் சுற்றி வருவார்கள். 1948இல் அவர்கள் எண்ணிக்கை 55. அவர்களுக்கு விதி: கேள், வாதிடாதே, கேட்டதை வெளியே சொல்லாதே, நடவடிக்கை எதுவும் எடுக்காதே. 1956 வரை இது நடந்தது. சங்கம் வைக்கும் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த வாக்னர் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1935இல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஆலோசகருக்குத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆற்றுப்படை படித்தவர்களுக்குத் தெரியும்: பரிசில் பெற்று வந்தவன், பெறாதவனுக்கு வழி சொல்வான் — இந்த ஊருக்குப் போ, இன்னாரைப் பார், கிடைக்கும் என்று. வழியும் முகவரியும் இல்லாமல் ஆற்றுப்படை இல்லை. ஹாதார்னில் தடை செய்யப்பட்டது அந்த முகவரிதான். ஃபூக்கோ படித்த நண்பர்கள் இதைப் பாவமன்னிப்புக் கூண்டோடு ஒப்பிடுவார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குறை என்பது ஒருவரிடம் சொல்லப்படுவது, பதிலைக் கோருவது. அழுத்தம் என்பது ஒருவருக்குள் இருப்பது, சிகிச்சையைக் கோருவது. குறையை அழுத்தமாக மாற்றிய மொழிபெயர்ப்புதான் ஹாதார்னில் நடந்தது. நான் 46 ஸ்லைடுகளில் செய்ததும் அதுதான்.

3

நம்மூரில் இதற்கு முன்பே வேறொரு கேட்கும் முறை இருந்தது. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர்; செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் உடன் நின்றவர்கள். பக்கிங்காம் – கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அன்று சொன்ன குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு நேரம். அரை மணிதான். அதற்குள் வெளியே வந்து, சாப்பிட்டு, கைகழுவி, ஓட வேண்டும். இன்றைய ஸ்லைடு இதை ‘நேர மேலாண்மை’ என்ற தலைப்பில் போடும், மெதுவாக மென்று சாப்பிடுங்கள் என்று அறிவுரையும் தரும். அன்று அது நிர்வாகத்தின் முன் வைக்கப்பட்ட கோரிக்கை ஆயிற்று.

சங்கத்தைப் புனிதப்படுத்துவது என் நோக்கமல்ல. மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தில், அதே ஆலைத் தொழிலாளர்கள் சாதி இந்துக்கள், ஆதி திராவிடர்கள் என்று பிளந்து நின்றார்கள். புளியந்தோப்பில் ரத்தம் சிந்தியது. யாருடைய குறையைச் சங்கம் கேட்கிறது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. இன்று ஒப்பந்தத் தொழிலாளர், வடமாநிலத் தொழிலாளர், விடுதிப் பெண்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு அழைக்கப்படாதவர் பல சமயம் சங்கக் கூட்டத்துக்கும் அழைக்கப்படுவதில்லை.

4

எங்கள் ஊருக்கு வருவோம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் இது. கும்பினிப் படைகள் தங்கிய இடம். சுற்றிலும் நெசவாளர் ஊர்கள். நெசவாளியின் வாழ்க்கை நிம்மதியானது என்று யாரும் கதைவிட வேண்டாம். முன்பணம் வாங்கினால் தறியோடு கட்டுண்டவர்தான். ஆனால் தறிக்காரருக்கு ஒரு விஷயம் தெரியும்: பாவு அதிகமாக இறுகினால் நூல் அறும். அப்போது அவர் இறுக்கத்தைத் தளர்த்துவார். நூலுக்குப் பொறுமை சொல்லித்தர மாட்டார்.

அந்த நெசவாளர் பிள்ளைகளும் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும் இன்று விடியற்காலையில் கம்பெனிப் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கிறார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2014 நவம்பர் 1இல் நோக்கியா நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், முப்பது வயதுக்குள் ‘முன்னாள் தொழிலாளர்’ ஆனார்கள். ‘மாற்றத்தை ஏற்கும் மனப்பான்மை’ என்று என் ஸ்லைடில் ஒரு தலைப்பு இருந்தது. எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

2010இல் சீனாவின் ஷென்ஜனில் ஃபாக்ஸ்கான் ஆலைகளில் இளம் தொழிலாளர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது, ஆலோசகர்களை அமர்த்தியது, உதவித் தொலைபேசி வைத்தது. உலகமே பார்த்த பிறகு சம்பளத்தையும் உயர்த்தியது. அதே ஆண்டு அதே கம்பெனியின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் சம்பளத்துக்கும் சங்கத்துக்கும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்ட பெண்கள் உணவு நஞ்சாகிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தரையில் படுக்கை, நெரிசலான அறை, தண்ணீர் வராத கழிவறை — இவையெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். மறியலுக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. ஒரகடம் ரெனோ – நிசான் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். இடைவெளி விட்டு நில் என்று அரசு சொல்கிறது, லைன் விடமாட்டேன் என்கிறது. ஓடுகிற லைனில் வண்டிகளுக்கு இடையே காலி இடம் விடு என்பது அந்தத் தகராறின் மையமான பிரச்சினைகளில் ஒன்று. ஒரு காலி இடம் என்றால் சில விநாடிகள், ஒரு மூச்சு. மூச்சுப் பயிற்சியின் மிகச் சரியான வடிவம் அந்தக் கோரிக்கைதான் என்று எனக்குப் படுகிறது.

2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. சங்கங்கள் எல்லாம் சேர்ந்து எதிர்த்ததும் மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சாம்சங் தொழிலாளர்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நிர்வாகம் ஊக்கத்தொகையும் குளிர்சாதனப் பஸ்ஸும் தருவதாகச் சொன்னது. அவர்கள் முதலில் கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. கொட்டகை நின்ற அதே செப்டம்பரில், புனேயில் வேலைப் பளுவால் இறந்ததாகத் தாய் குற்றம்சாட்டிய இளம் தணிக்கையாளரைக் குறிப்பிட்டு, சென்னையில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசினார்: அழுத்தத்தைத் தாங்கும் அகவலிமை வேண்டும், அது தெய்வ நம்பிக்கையால் வரும், வீட்டில் கற்றுத்தர வேண்டும் என்று. பின்னர், இறந்தவரைக் குறை சொல்லவில்லை என்று விளக்கமும் தந்தார். இருக்கலாம். ஆனால் பளு எங்கே போயிற்று?

5

இந்த வகுப்புகளால் ஆட்களுக்கு என்ன நேர்கிறது? 2024இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிரிட்டனில் 233 நிறுவனங்கள், 46,336 ஊழியர்கள். மன அமைதிப் பயிற்சி, செயலி, தாங்குதிறன் வகுப்பு ஆகியவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இல்லை. ராபர்ட் கராசெக் 1979லேயே சொல்லிவிட்டார்: வேலையின் கெடுபிடி மட்டுமே ஆளை முறிப்பதில்லை, கெடுபிடி அதிகமாகவும் தன் வேலை மீது தனக்குள்ள பிடி குறைவாகவும் இருக்கும்போதுதான் முறிக்கிறது. சிறுநீர் கழிக்க இன்னொருவரின் வருகைக்குக் காத்திருப்பவரின் பிடி எவ்வளவு?

2019இல் உலக சுகாதார நிறுவனம் ‘பர்ன் அவுட்’டுக்கு விளக்கம் எழுதியது. அது நோயல்ல, தொழில் சார்ந்த நிலை. வெற்றிகரமாக நிர்வகிக்கப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றது. இலக்கணம் படித்தவனுக்கு இங்கே உறுத்தும். செயப்பாட்டு வினை. நிர்வகிக்காதது யார்? எழுவாயைக் காணோம். அந்தக் காலியிடத்தில்தான் தொழிலாளியைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது வகுப்பு. முன்பு உடம்பு வலித்தால் லைனைத் திட்டியவன், இப்போது ‘எனக்குத்தான் மேனேஜ் பண்ணத் தெரியல’ என்கிறான். நான் கண்ணால் கண்ட விளைவு இதுதான்: உழைப்போடு சேர்த்துக் குற்றவுணர்வும் அவன் கணக்கில் ஏறுகிறது.

ஆனாலும் என் தெருப் பையன் சொன்னதை விட்டுவிட முடியாது: மூச்சை இழுத்து விட்டால் தூக்கம் வருகிறது. அந்தத் தூக்கத்தை நக்கலடிக்கும் உரிமை எனக்கில்லை. ராத்திரி விழித்து ஸ்லைடு மொழிபெயர்ப்பவனுக்கும் லைனில் நிற்பவனுக்கும் வித்தியாசம் உண்டு. மனநல உதவி தேவைப்படுபவர்கள் இந்தத் தொழிற்பேட்டையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல மருத்துவர் வேண்டும், நிர்வாகத்தின் காது இல்லாத அறை வேண்டும். நம் சங்கங்களும் இதைப் பேசியாக வேண்டும். தூங்க முடியாதவனை ‘பலவீனம்’ என்று ஒதுக்கினால் அவன் ஆற்றுப்படுத்துநரிடம்தான் போவான். வேறு யாரிடம் போவான்?

அடுத்த முறை ஸ்லைடுகள் வந்தபோது ‘மன’ என்பதை எடுத்துவிட்டு ‘வேலை அழுத்தம்’ என்று போட்டு அனுப்பினேன். சிவப்பு அடிக்கோடோடு திரும்பி வந்தது. திருத்திக் கொடுத்தேன், காசு வந்தது. இதை எழுதுவதால் அந்தக் காசு கழிந்துவிடாது.

பையனிடம் மறுபடியும் கேட்டேன். “கிளாஸ் ரெண்டாச்சுண்ணா. ரிலீவர் அதே ஒருத்தன்தான்.”

இந்த வட்டாரத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு யோசனை. வகுப்புகளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. போங்கள், மூச்சுவிடுங்கள். ‘உங்கள் அழுத்தத்துக்குக் காரணம் என்ன?’ என்று பயிற்சியாளர் கேட்டு, பலகையில் எழுதுவார் அல்லவா? அதை அழிப்பதற்குள் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை லைனுக்கு எத்தனை ரிலீவர், ஒரு வண்டிக்கு எத்தனை விநாடி, விடுதியில் ஒரு கழிவறைக்கு எத்தனை பேர் — அத்தனையும் அந்தப் பலகையில் இருக்கும். தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். ஒப்பந்தத் தொழிலாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பெயர் கோரிக்கை மனு. 1918 முதலே நமக்குத் தெரிந்த வடிவம் அது.