லயத்து வீட்டின் முகவரி

பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்கு அருகே கெல்லி மாளிகை நிற்கிறது. இசுகாத்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி சுமித் என்னும் தோட்ட முதலாளி 1915ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய அம்மாளிகை, 1926இல் அவர் லிசுபன் நகரில் இறந்தமையால் முற்றுப்பெறாமல் நின்றது. முடியாத அவ்வீட்டின் அறைகளைக் காண இன்றும் மக்கள் திரள்கின்றனர். ஆயின், அவர் தோட்டத்தில் காடழித்து இரப்பர் நட்ட தமிழர் எந்த லயத்தில், எத்தனையாம் வீட்டில் வாழ்ந்தனர் என்று எண்ணிச் சொல்வார் இலர்.

இதற்குக் காரணம் உண்டு. 1877இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் வழியாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்கள் வந்து சேர்ந்தனர். அவர்கள் குடியிருந்த லயம் தோட்ட நிருவாகத்தின் உடைமை. வேலை உள்ளவரைதான் வீடு. ஆகவே நில அலுவலகப் பத்திரங்களில் தோட்டத்தின் பெயர் இருக்கும். தொழிலாளியின் வீடு இராது. பாட்டன் வாழ்ந்த வீட்டைத் தேடும் பேரன் வேறு சான்றுகளை நாடவேண்டியவனாகிறான்.

முதற்சான்று பிறப்புப் பத்திரம். அதில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் காணப்படும். மக்கள் வழங்கிய தமிழ்ப்பெயரோ வேறாக இருக்கக்கூடும். இரண்டையும் இணைக்கவல்லவர் முதியோரே. ஊர்ப்பெயரும் மாறியிருக்கலாம்: பழைய பத்திரத்தில் தெலுக் ஆன்சன் என்றிருப்பது 1982 முதல் தெலுக் இந்தானாகும்.

அடுத்து, ஆண்டினை நோக்குதல் வேண்டும். 1948 சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் அதனையடுத்த மற்றொரு தோட்டத்திலும் ஐரோப்பியர் மூவர் சுடப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்சு திட்டத்தின்கீழ், சிதறிக் கிடந்த தோட்டக் குடியிருப்புகள் பல முள்வேலிக்குள் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. எனவே ஒரே தோட்டத்தில் தந்தை பிறந்த லயமும் தம்பி பிறந்த லயமும் வெவ்வேறிடமாக இருத்தல் கூடும்.

பின்னர் வந்தது தோட்டத் துண்டாடல். பெருந்தோட்டங்கள் கூறுகூறாக விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். இதனைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தனார், தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடமளித்தன. மக்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர்.

வீடு மறைந்த பின்னரும் எஞ்சுவன கோயிலும் பள்ளியும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்ற கடப்பாட்டை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகளிற் பல வேற்றிடம் பெயர்ந்தும் தோட்டப் பெயரைத் துறக்கவில்லை. தோட்டம் அழிந்தபின் அதன் முகவரியாய் நிற்பது பள்ளியின் பெயரே.

அப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடு வெறும் ஏடன்று. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர் ஆகியன அதில் ஒருங்கே கிடைக்கும். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றபோது, பிறப்பினை மெய்ப்பிக்கும் ஏடு ஒவ்வொன்றும் வாழ்வுக்கு வழியாயிற்று. சான்று காட்ட இயலாதார் பலர் வேலையிழந்தனர். கப்பலேறித் தாயகம் திரும்பியோரும் பலர்.

மாளிகை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கல்லும் செங்கல்லும் அதற்குத் துணை. பலகையாலான லயத்துக்கு ஏடும் நினைவுமே துணை. பதிவேட்டைச் செல்லரிக்காமல் காத்தல் ஆசிரியர் கடன். பாட்டியிடம் தோட்டத்தின் பெயரையும், லயம் நின்ற திசையையும், பிரட்டுக்களத்தின் இடத்தையும் கேட்டு எழுதிவைத்தல் மாணவர் கடன். அவள் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.