புயலுக்கு வரைந்த படம்

நடுக்கடலிற் புயலுட் சிக்கிய மாலுமி அப்புயலைக் காண்பதில்லை. அவன் காண்பதெல்லாம் தன் கப்பலைச் சூழ்ந்த சிறிதளவு நீரும் இருளுமே. காற்று எத்திசையிலிருந்து வீசிற்று, பாரமானியின் இரசம் எவ்வளவு இறங்கிற்று, கப்பல் எந்த அகலக்கோட்டில், எந்த நெடுங்கோட்டில் நின்றது என்பவற்றை அவன் தன் குறிப்பேட்டில் எழுதி வைப்பான். கப்பல் கரை சேர்ந்தால் அந்த ஏடு சொந்தக்காரரின் அலுமாரிக்குப் போகும். கரை சேராவிடின் ஏடும் இல்லை, எழுதியவனும் இல்லை. வங்காள விரிகுடாவின் புயல்களைப் பற்றிய அறிவு நெடுங்காலம் இவ்வாறே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது.

இத்துண்டுகளை ஒன்று சேர்த்து ஒரே கடற்படத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை இந்தியக் கடல்களில் மேற்கொண்டவர் ஹென்றி பிடிங்டன் என்பார். 1797இல் இங்கிலாந்திற் பிறந்த இவர், வணிகக் கப்பல்களின் தலைவராயிருந்து, பின்னர் கல்கத்தாவிற் குடியேறியவர். கப்பல் விபத்துக்களை விசாரிக்கும் கடல் மன்றத்தின் தலைவராகவும் பணியாற்றியவராதலின், மாலுமிகளின் ஏடுகள் அவருக்குப் பழக்கமானவை. அமெரிக்கரான வில்லியம் றெட்பீல்ட் 1831இலும், ஆங்கிலேயப் படையதிகாரியான வில்லியம் றீட் 1838இலும், புயற்காற்று நேராக ஓடுவதன்று, சுழன்று கொண்டே நகர்வது என எழுதியிருந்தனர். அவ்வுண்மை வங்கக் கடலுக்கும் பொருந்துமா என்பதே பிடிங்டனின் கேள்வி.

1839ஆம் ஆண்டு யூன் மாதம் ஊக்ளி நதிமுகத்தைத் தாக்கிய புயலோடு அவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அப்புயலிற் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளைக் கேட்டுப் பெற்றார். ஒவ்வொரு கப்பலும் நின்ற இடத்தைப் படத்திற் புள்ளியாகக் குறித்து, அங்கு வீசிய காற்றை ஓர் அம்பாக வரைந்தார். தனித்தனியே பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணான அம்புகள்; ஒருவருக்கு வடகாற்று, நூறு மைலுக்கு அப்பாலிருந்த மற்றவருக்குத் தென்காற்று. ஒரே படத்தில் வைத்தபோதோ அவை யாவும் ஒரு மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக ஓடின. இவ்வகையில் அவர் எழுதிய கட்டுரைகள் 20இற்கும் மேற்பட்டவை. வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் அவை வெளிவந்தமையால், எந்தத் துறைமுகத்தவரும் படித்துப் பயன்பெறக் கூடியதாயிருந்தது. தம் கணக்கைத் தம் பெட்டிக்குள் வைத்திருந்தால் அவருக்குச் சிறிது இலாபங்கூடக் கிடைத்திருக்கலாம்.

அவ்வேடுகளில் மிக விந்தையானது சார்ள்ஸ் ஹெடில் என்னும் கப்பலினுடையது. 1845 பெப்ரவரியில் மொறீசியசுக்கு அண்மையிற் புயலிற் பட்ட அக்கப்பல், காற்றின் போக்கிலேயே ஓடி, ஐந்து நாட்களாகப் புயலின் மையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தது. தலைவன் முன்னோக்கிச் செல்வதாக எண்ணிச் செக்குமாடு போலச் சுழன்றிருக்கிறான்! அதன் ஏட்டைப் படத்தில் வரைந்த பிடிங்டனுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியிருக்கவில்லை. தென்கோளமாதலால் அச்சுழற்சி மட்டும் வலஞ்சுழியாயிருந்தது.

1848இல் அவர் வெளியிட்ட நூலுக்கு மாலுமிகளின் அரிச்சுவடி என்று பொருள்படப் பெயரிட்டார். அதனோடு, கொம்பினாற் செய்த, ஒளி புகும் இரண்டு மெல்லிய தகடுகளும் இருந்தன. ஒன்று வடகோளத்துக்கு, மற்றது தென்கோளத்துக்கு. அத்தகட்டைக் கடற்படத்தின் மேல் வைத்து நகர்த்தினால், தன் கப்பலிருக்கும் இடத்தில் வீசும் காற்றைக் கொண்டே, கண்ணிற் படாத மையம் எத்திசையிலுள்ளதென மாலுமி அறிந்து விலகலாம். காற்று முழுவட்டமாக ஓடாது உள்நோக்கி வளைகிறது எனப் பிற்காலத்தார் திருத்தினர். ஆயினும் அத்தகடு காத்த உயிர்கள் அதனாற் குறைந்துவிடா. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து "சைக்கிளோன்" என்ற பெயரை ஆக்கியவரும் இவரே.

மாலுமிகள் இவருடைய சொல்லைக் கேட்டனர். அரசாங்கம் கேட்டதா என்பது வேறு கதை.

ஊக்ளி மணலால் தூர்ந்து போகும் என்ற அச்சம் கல்கத்தா வணிகரை அக்காலத்தில் வாட்டியது. தென்கிழக்கே சுந்தரவனச் சதுப்பு நிலத்தின் விளிம்பில், மாத்லா ஆற்றங்கரையிற் புதிய துறைமுகம் அமைக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. பிடிங்டன் தம் படங்களைப் பார்த்தார். விரிகுடாவின் வடகோடி புனல் போலக் குறுகுவது, ஆழமுங் குறைந்தது. புயற்காற்றினால் தள்ளப்படும் கடல் அங்கே ஒதுங்க இடமின்றிக் கரைமேல் ஏறும். கோதாவரி முகத்துக் கோரிங்காவை 1789இல் அவ்வாறு கடல் விழுங்கியதையும் அவர் அறிவார். 1853இல் மகாதேசாதிபதி டல்ஹௌசிப் பிரபுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அத்துறைமுகம் என்றோ ஒரு நாள் 5 முதல் 15 அடி வரை உப்பு நீரில் மூழ்கும் என்பது அதன் சாரம்.

கடிதம் அச்சாயிற்று, திட்டமும் நடந்தது. பிடிங்டன் 1858இற் காலமானார். துறைமுகத்துக்குக் கானிங் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது, இருப்புப்பாதை போடப்பட்டது, கம்பனியின் பங்குகள் சந்தையில் விலையேறின. 1864 ஒக்டோபர் 5ஆந் திகதி கல்கத்தாவையே ஒரு பெரும் புயல் தாக்கி, ஊக்ளி வழியே ஏறிய அலையில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். அப்போதும் கானிங்கில் வேலை நிற்கவில்லை. 1867 நவம்பர் 1ஆந் திகதி வந்த புயலலையோ 6 அடி அளவினதே. பிடிங்டனின் கணக்கிற் கீழ்ப்படியை ஒட்டியது. துறைமுகத்தை அழிக்க அது போதியதாயிற்று. சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டனர்.

1864இன் அழிவு வேறொரு வகையிற் பயன் தந்தது. 1865இல் கல்கத்தாத் துறைக்குப் புயலெச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. முன்பு கப்பல் கரை சேர்ந்த பின்னரே கிடைத்த செய்தி இப்பொழுது கரையோர நிலையங்களிலிருந்து தந்தியில் வந்தது. 1875இல் இந்திய வானிலைத் திணைக்களம் தோன்றியது. மறு ஆண்டிலேயே, 1876 ஒக்டோபர் இறுதியில், மேக்னா நதிமுகத்துப் பாக்கர்கஞ்சில் நேர்ந்த புயலில் அலையாலும் பின் வந்த கொள்ளைநோயாலும் ஏறக்குறைய 2 இலட்சம் பேர் இறந்தனர். எச்சரிக்கை கப்பல்களுக்கு இருந்தது. தீவுகளில் உழுதுண்டு வாழ்ந்தவருக்கு அதனைக் கொண்டு செல்ல எவருமில்லை.

1970 நவம்பரில் அதே நதிமுகத்தைத் தாக்கிய புயலைச் செய்மதிகள் கடலிலேயே கண்டிருந்தன, வானொலியும் எச்சரித்தது. எனினும் 3 இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மடிந்தனர். எங்கே ஓடுவது என்பதற்குத் தீவுகளில் விடையிருக்கவில்லை. இதன் பின்னரே, 1972இல், விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகள் தம் வானிலைத் தரவுகளைத் தம்முள் பகிரும் குழுவொன்றில் இணைந்தன. இலங்கையும் அதில் உறுப்பு நாடாகும். வங்காளதேசமோ கிராமந்தோறும் தொண்டர்களைச் சேர்த்தது. அபாயம் நெருங்க நெருங்க ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடிகளை ஏற்றுவதும், ஒலிபெருக்கியோடு வீடு வீடாகச் சென்று மக்களை எழுப்புவதும் அவர்களுடைய வேலை. புகலிடங்கள் போதாமையால் 1991இல் மீண்டும் 1 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் தூண்கள் மேல் எழுப்பிய புகலிடங்கள் பெருகின. காற்றின் வலிமையில் 1970ஆம் ஆண்டுப் புயலுக்குக் குறையாத சிடர்ப் புயல் 2007இல் வந்தபோது இறந்தவர் தொகை ஏறக்குறைய 3,400.