மாசியில் ஏற்காட்டுக்குப் போங்கள்

நெய்வேலி மைன்ஸில் வேலை பார்த்த எங்களுக்கு மலை என்றால் ஏற்காடுதான். நைட் ஷிப்ட் முடிந்து குளித்த கையோடு நண்பர்கள் வேனில் ஏறிவிடுவோம். விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி, சேலம். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊரே மே மாதக் கோடை விழாவுக்குப் போகும். நாங்கள் போவது மாசிக் கடைசியில், இலை உதிரும்போது.

சினிமாவில் பார்த்துவிட்டு, இலையுதிர் காலம் என்றால் அக்டோபர் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நமக்கு அது ஐப்பசி, அடைமழைக் காலம். குளிர்நாட்டு மரம் பனிக்காலத்துக்கு முன் இலையைக் கொட்டுகிறது. நம் மரத்துக்குக் கவலை தண்ணீர். பருவமழை நின்று மண் காய்ந்ததும், இலை வழியாக ஈரம் போய்விடாமல் இருக்க இலையையே விட்டுவிடுகிறது. அடிவாரத்தில் தேக்கு மொட்டையாக நிற்கும். முள்ளிலவு ஓர் இலைகூட இல்லாமல் செக்கச்செவேலென்று பூத்திருக்கும்.

மேலே ஏற ஏறப் பச்சை. அது காபித் தோட்டத்துப் பச்சை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில்தான் காபி இந்த மலைக்கு வந்தது. அதற்கு நிழல் தர இன்று வரிசையாக நிற்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலிய மரம். ஏற்காடு என்று எல்லோரும் படம் எடுப்பது இதைத்தான். மலையின் பழைய காடு கீழே வெயிலில் நிற்கிறது. அதைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

உதிர்ந்த இலையின் மதிப்பை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சுரங்கம். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் வந்தன. அவர் பின்னாளில் தம் நிலத்தையே சுரங்கத் திட்டத்துக்குக் கொடுத்தார். 1956இல் சுரங்க நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை வெட்டி அகற்றி நிலக்கரியைத் தொட 1961 ஆகஸ்ட் ஆனது. மறு ஆண்டே சோவியத் உதவியில் கட்டிய அனல்மின் நிலையத்தில் மின்சாரம் வந்தது.

பக்கெட் வீல் இயந்திரம் சுரண்டிப் போட்ட பழுப்புக் கட்டிகள் சிலவற்றில் மர ரேகை அப்படியே தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே சதுப்புக் காடு இருந்தது. விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்கடியில் காற்றுப்படாமல், முழுதாக மக்காமல் கிடந்தன. மேலே மணலும் களிமண்ணும் ஏறி அழுத்த, அவையே இந்த நிலக்கரி ஆயின. எங்கள் டவுன்ஷிப்பும் சம்பளமும் அந்தக் காடு கொடுத்தவை. சுரங்கத்துக்காக ஊரைவிட்டுப் போன கிராமத்தார் கொடுத்ததும் அதில் உண்டு.

வரும் மாசியில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அடிவாரத்தில் ஓரமாக இறங்கி, இரண்டு இலைகளைப் பொறுக்கிக் கையில் கொடுங்கள். பீடி சிகரெட் மட்டும் பற்றவைக்காதீர்கள். அந்தச் சருகில் ஒரு பொறி விழுந்தால் போதும், மலைச்சரிவே எரிந்துவிடும்.