ஜபிலுகா: தோண்டியும் விற்க முடியாத யுரேனியம்

யுரேனியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், கம்பெனிக்குப் பணம் கொட்டும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆஸ்திரேலியாவின் ஜபிலுகா கதையைக் கேட்டால் அந்த நினைப்பு போய்விடும்.

நாட்டின் வடக்கே, காகடு தேசியப் பூங்கா சூழ்ந்த இடம் அது. 1971-ல் பான்கான்டினென்டல் கம்பெனி அங்கே பெரிய யுரேனியப் படிவைக் கண்டுபிடித்தது. ஆய்வு, சுற்றுச்சூழல் அறிக்கை, நிலத்தின் சொந்தக்காரர்களான மிரார் பழங்குடியினருடன் பேச்சுவார்த்தை என்று 11 வருடம் ஓடியது. 1982-ல் 42 வருடக் குத்தகை கிடைத்தது. (நெருக்கிப் பிடித்து வாங்கிய சம்மதம் அது என்பது மிரார் மக்களின் குற்றச்சாட்டு.)

அடுத்த வருடமே ஆட்சி மாறியது! மூன்று யுரேனியச் சுரங்கங்களுக்கு மேல் கூடாது என்று தொழிற்கட்சி அரசு 1984-ல் கொள்கை வகுத்தது. அந்த மூன்றில் ஜபிலுகா இல்லை. குத்தகைப் பத்திரம் மட்டும் பெட்டியில் தூங்கியது. 1991-ல் பான்கான்டினென்டல் அதை 12.5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஈ.ஆர்.ஏ. கம்பெனிக்கு விற்றுவிட்டு ஒதுங்கியது.

ஈ.ஆர்.ஏ. போட்ட கணக்கு வேறு. சுரங்கம் தோண்டினால் மட்டும் யுரேனியம் விலை போகாது. தாதுவை அரைத்து, அமிலத்தில் கரைத்துப் பிரித்தெடுக்க ஆலை வேண்டும். மிஞ்சும் கழிவைப் பத்திரமாக வைக்க இடம் வேண்டும். ஒரு கிலோ விற்பதற்கு முன்பே செய்தாக வேண்டிய பெருஞ்செலவு இது. ஆனால் ஈ.ஆர்.ஏ.வுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் ரேஞ்சர் என்ற சுரங்கமும் ஆலையும் ஏற்கெனவே இருந்தன. லாரியில் ஏற்றி அனுப்பினால் புது ஆலைச் செலவு மிச்சம்.

1996-ல் வந்த ஹோவர்ட் அரசு பழைய கொள்கையைக் கைவிட்டது. வழி திறந்ததா? இல்லை! தாதுவை ரேஞ்சருக்குக் கொண்டுபோக மிராரின் சம்மதம் வேண்டும். அவர்களின் மூத்த தலைவி இவான் மார்கருலா மறுத்துவிட்டார். 1998-ல் சுரங்கப்பாதை வேலையை எதிர்த்து எட்டு மாதம் மறியல் நடந்தது. 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தன் முன்னோர் நிலத்திலேயே அத்துமீறி நுழைந்ததாக மார்கருலா மீதும் வழக்கு. என்ன வேடிக்கை பாருங்கள்.

யுரேனிய விலையும் அப்போது மந்தம். கடைசியில் வேலை நின்றது. 2003-ல் வெளியே எடுத்த தாதுவையே உள்ளே கொட்டிப் பாதையை மூடினார்கள். மிராரின் சம்மதம் இல்லாமல் இனித் தோண்டுவதில்லை என்று 2005-ல் ஒப்பந்தம் ஆனது. அந்த ரேஞ்சர் ஆலையும் 2021 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

2024 ஜூலையில் வடக்குப் பிரதேச அரசு ஜபிலுகா குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தது. அதுவரை அங்கிருந்து யுரேனியம் எதுவும் விற்பனைக்குப் போகவில்லை.